கப்பல் வந்ததா?

“தண்ணீர் தீர்ந்துவிட்டது. இனி நாங்கள் ஒருவரும் பிழைக்க மாட்டோம்,” என்றாள் பாயிஸா.

கட்டிலில் கிடந்த அவள் கணவர் ஹாஷிமுக்கு மூச்சு வாங்கியது. “நிப்பாட்டாத, பாயிஸா. மத்தப் பக்கத்த வாசி.”

கப்பல் மூழ்கி, சிறு படகில் நடுக்கடலில் தத்தளித்த மாலுமிகளைப் பற்றிய புத்தகம் அது. ஹாஷிம் கட்டுகஸ்தோட்டைப் புடவைக்கடைக்காரர். கண்டியைத் தாண்டி அதிகம் போனதில்லை. ஆனால் பனிமலை, பாலைவனம், துருவம் எல்லாவற்றையும் சாய்கதிரையில் இருந்தபடியே சுற்றிவிட்டார். கட்டுக்கதை அவருக்கு ஆகாது. “போய் வந்த மனுசன் எழுதினதா ஈக்கணும்,” என்பார். மதராஸிலிருந்து தபாலில் வரவழைப்பார்.

பார்வை மங்கிய பிறகு பாயிஸாதான் வாசித்துக் காட்டினாள். இப்போது நெஞ்சும் பழுது. இன்றைய பொழுது தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

ஹாஷிமின் தங்கை றலியா அவர் உதட்டை நனைத்தாள். “மதினி, நானாவுக்கு நீங்க வாசிக்கிறதுதான் மருந்து. இப்படி ஒரு பொஞ்சாதி யாருக்குக் கெடைக்கும்?”

பாயிஸா பக்கத்தைப் புரட்டினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தோராம் வருஷம் அலவத்துகொடயில் அவள் உம்மா சாகக் கிடந்தபோதும் ஹாஷிம் கையில் ஒரு புத்தகம் இருந்தது. “இந்த ஒட்டகக் கூட்டம் தண்ணியக் கண்டுபிடிக்கட்டும், கார் புடிச்சிட்டுப் போவோம்,” என்றார், தலை நிமிரவில்லை. மறுநாள் போனபோது ஜனாஸாவை அடக்கிவிட்டிருந்தார்கள்.

“தூரத்துல கப்பல் புகை தெரிஞ்சிச்சே,” ஹாஷிம் முனகினார். “அது வந்து இவங்கள ஏத்திச்சா? அதக் கேட்டுட்டா நிம்மதியாப் போயிருவேன்.”

பாயிஸா மிச்சப் பக்கங்களை மனதுக்குள் வாசித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

“கப்பல் அவர்களைக் காணாமலே திரும்பிப் போனது. படகில் ஒருவரும் மிஞ்சவில்லை.”

“ஒருத்தருமா?”

“ஒருத்தரும் இல்ல.”

ஹாஷிமின் கண்ணோரம் நீர் வழிந்தது. அதைத் துடைக்க றலியா குனிந்தபோது மூச்சு நின்றிருந்தது.

அழுது ஓய்ந்த றலியா சொன்னாள்: “நானாவோட கடைசி ஆசை அது. பாவம், அத்தன பேரும் கடல்ல மவுத்தாப் போயிட்டாங்களே, மதினி!”

பாயிஸா புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

“அத்தன பேரும் மவுத்தாப் போனா, இத எழுதினது யாரு, றலியா?”