மீன் படத்தின் பூட்டு

வலையில் மீன் பட்டதும் ரெமிஜியுஸ் நடுக்கடலிலிருந்தே படமெடுத்து, எல்லோரும் பார்க்கும் ஏலக் குழுவுக்கு அனுப்புவான். மீன் கிடைத்த இடத்தை மட்டும் பிறர் அறியாதபடி ரகசியப் பூட்டுப் போட்டுப் படத்துக்குள் ஒளித்து வைப்பான். எல்லாப் படகுக்காரர்களும் அப்படித்தான். அவன் மனைவி பிலோமியின் போனில் மட்டுமே அந்தப் பூட்டு திறக்கும். ஆனாலும், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் கஸ்பார் எப்படியோ அதே இடத்துக்கு வந்துவிடுவது அவனுக்குப் புரியாத புதிர்.

ஒருநாள் சூறாவளியில் படகு கவிழ்ந்தது. பலகையைப் பிடித்து மிதந்தவனைத் தேடி முதலில் வந்தது கஸ்பார்தான்.

"நான் இங்க கெடக்கேன்னு எப்படிண்ணே தெரியும்?"

"காலையில அனுப்புனியே, சீலா மீன் படம். ஒன் பூட்ட எப்பவோ ஒடச்சிட்டேன்லே. சண்டைய கரையில வச்சுக்குவோம், கையக் குடு."

மறுவாரம் புதுப் பூட்டு போடச் சொன்னாள் பிலோமி.

"பழசே இருக்கட்டும்" என்றான் ரெமிஜியுஸ்.