மஞ்சள் பூவுக்கு ஒரு பிரஷ்

மொட்டைமாடியில் பழைய ஜன்னல் சட்டங்களைக் கோத்து, பிளாஸ்டிக் தாள் போர்த்திய குட்டிப் பசுமைக்குடில். நிமிர்ந்தால் தலை இடிக்கும் என்பதால் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் உள்ளே வளைந்து நிற்கிறார். காலை வெயில் தாளில் வடிந்து பால் நிறமாக இறங்குகிறது. தக்காளி இலையின் வாசம் சட்டையெல்லாம் ஏறியிருக்கிறது. ஒன்பது தொட்டிகளில் இதுவரை காய்த்தது ஒன்றே ஒன்று. அதையும் அணில் முடித்துவிட்டது. உள்ளே காற்றும் வராது, வண்டும் வராது. ஆகவே பேட்டரியில் ஓடும் பல் பிரஷ்ஷைப் பூக்காம்பில் வைத்து அவரே வண்டாகியிருக்கிறார். ‘ர்ர்ர்’ என்ற அதிர்வில் மகரந்தம் மாவாக உதிர்கிறது.

குடில் வாசலில் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அவர் பின்னால் சுத்தியலோடு இரண்டு ஆட்கள். “இன்னைக்குள்ள பிரிச்சிடணும்னு நோட்டீஸ் குடுத்தோமே சார்?” “காய் பிடிக்கட்டும்.” கண்டக்டர் அடுத்த பூவுக்குப் போகிறார். மூச்சு வாங்கப் படியேறி வருகிறாள் மனைவி, இந்தக் குடிலை ‘உங்க ரெண்டாவது சம்சாரம்’ என்று திட்டுகிறவள். “ஒரு வாரமா வீட்டையே புரட்டித் தேடுறேன், என் பிரஷ்ஷுங்க அது!” செயலாளரின் முகம் மலர்கிறது. அவள் பிரஷ்ஷைப் பிடுங்குகிறாள். சுத்தியலைப் பார்க்கிறாள். கணவரை இடித்துத் தள்ளி உள்ளே நுழைகிறாள். “பூவைப் போட்டு இப்படியா அழுத்துவாங்க? தள்ளுங்க.” ர்ர்ர். செயலாளர் ஒரு காலை உள்ளே வைக்கிறார். கண்டக்டர் கதவுச் சட்டத்தில் குறுக்கே கை போடுகிறார். முப்பது வருடக் குரல் தானாக எழும்புகிறது: “உள்ள இடமில்ல சார், அடுத்த வண்டில வாங்க!”