பொன்மணியும் வெற்றிவேலும்

எத்தனை வீடு ஏறி இறங்கினேன் என்று சரியாக நினைவில்லை, நூறு இருக்கலாம். என் முதல் நாவலின் வெளியீட்டு விழாவுக்கு ஆள் வராதோ என்று பயம். செஞ்சி முழுக்க நாவலையே கையில் கொடுத்து, "ஞாயித்துக்கெழம மண்டபத்துக்கு வந்துடுங்க" என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச வராது.

மண்டபம் நிரம்பிவிட்டது.

"எத்தினி வாசகருங்க, பாத்தியா!" என்றேன் மனைவி கவிதாவிடம்.

சுந்தரமூர்த்தி மாமா ஒரு சுவர்க்கடிகாரத்தோடு வந்தார். "இன்னா மாப்ள, பொண்ணு மாப்ளய இன்னும் காணோம்?"

"எந்தப் பொண்ணு மாமா?"

"பத்திரிகையில போட்டிருக்குதே, பொன்மணியும் வெற்றிவேலும்னு!"

அது என் நாவலின் தலைப்பு.

கவிதா தலைகுனிந்தாள். "நல்ல காரியமாச்சேன்னு எல்லாப் புத்தகத்துக்கும் நாலு மூலையிலயும் மஞ்சள் தடவிட்டேங்க."

எல்லோரும் பரிசை வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள். பிறகு நாவலைப் படித்தவர் மாமா மட்டும்தான். கடைசிவரை அதில் கல்யாணம் நடக்கவில்லை என்று கடிகாரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.