கால்கரிக்கு ஒரு வழி

"இன்னும் திறக்கலப்பா" என்றான் டானிலோ போனில்.

ஓரெஸ்ட், வைஃபைகூட இல்லாத தன் பழைய மடக்குப் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சமையலறை மேஜையில் வைத்துவிட்டு வெர்னாவைப் பார்த்தார். அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் லேப்டாப் பக்கம் குனிந்தாள். பனித்தளத்தில் கல் தள்ளி ஆடும் கர்லிங் கிளப்பில் அவருடைய அணியில் ஆடுகிறவள். வீடு வீடாகப் போய் இன்டர்நெட் ரவுட்டர் மாட்டிக்கொடுத்தே ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

ஓரெஸ்டின் மனைவி ஹலீனா போன வசந்தத்தில் இறந்துபோனாள். அவள் பாடியது, மாவு பிசைந்தது, அவரைத் திட்டியது எல்லாம் வீடியோவாக மேஜைக்கு அடியில் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க் பெட்டியில் இருந்தன. மெயிலில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரியவை. ஏதாவது இன்டர்நெட் கம்பெனியில் ஏற்றிவைத்து அனுப்பலாமே என்று வெர்னா கேட்டாள். என் பெண்டாட்டியை ஊரான் வீட்டில் குடிவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் அவர் வீட்டு ரவுட்டரிலேயே போர்ட் என்கிற ஒரு வாசலைத் திறந்து, வெளியூரிலிருந்து கேட்கிறவர்களை நேராக அந்தப் பெட்டிக்கு அனுப்பிவைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள்.

வெளியூரில் கேட்பதற்கு இருந்தது ஒருவன்தான். கால்கரி நகரத்தில் வேலை பார்க்கும் மகன் டானிலோ. எந்த வேலையிலும் நிலைக்கத் தெரியாதவன் என்பது அப்பாவின் கட்சி. அம்மாவை அடக்கம் செய்த அன்றே, "இந்த வேலையையும் விட்டுட்டு வந்து நின்னா, என் வாசப்படி ஏறாத" என்று சொல்லி அனுப்பினார். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை டிவிதான். பெரோகிக் கொழுக்கட்டை அவித்தால் பாதி மீந்துபோகிறது. அம்மா முகத்தைப் பார்த்தால் பையனுக்கு வீட்டு நினைப்பு வரும், கிறிஸ்துமஸுக்காவது வருவான் என்று ஒரு நப்பாசை. வாடா என்று நேராகச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

"அங்க பனி எப்படிடா?" என்று கேட்டார்.

"இப்பத்தான் கொட்ட ஆரம்பிச்சிருக்கு. உங்களுக்கு?"

"இங்கயும்தான்."

ரவுட்டரை ஒருதரம் அணைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று வெர்னா பிளக்கைப் பிடுங்கினாள். அந்த நொடியே போனில் லைன் கட்டானது.

"பாத்தியா, வெச்சுட்டான்" என்றார் ஓரெஸ்ட். "எப்பவும் இப்படித்தான். அப்பன்கூட ரெண்டு வார்த்தை கூடப் பேசினா வாய் தேஞ்சு போயிடும்."

கோபத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டுமே. ஜன்னல் வழியே வீட்டுக்குப் பின்னாலிருந்த சந்துப் பக்கம் கைகாட்டினார். அவர் கராஜை ஒட்டி ஒரு பழைய வேன் ஒரு வாரமாக நிற்கிறது. ஜன்னல்களில் போர்வை தொங்குகிறது. எவனோ ஊர்சுற்றி உள்ளே படுத்துக்கிடக்கிறான், நாளைக்கு நகராட்சிக்குச் சொல்லி இழுத்துக்கொண்டு போகச் சொல்கிறேன் என்று பொரிந்தார். இந்தக் குளிரில் பாவம் எங்கே போவான் என்றாள் வெர்னா. அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரவுட்டரில் விளக்குகள் திரும்ப எரிந்தன. வெர்னா தன் கைபேசியில், டவர் இன்டர்நெட் வழியாக முயன்று பார்த்தாள். உடனே திறந்தது. கையெல்லாம் மாவோடு ஹலீனா, "கேமராவ மூடிட்டு அடுப்பப் பாருய்யா" என்று சிரித்தாள். ஓரெஸ்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டானிலோ மறுபடி கூப்பிட்டான். தானாகக் கட்டாகிவிட்டது என்றான். வெர்னா முகவரியை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அவன் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னான். ஆனாலும் அவனுக்குத் திறக்கவில்லை.

"அவளுக்குத் திறக்குது, உனக்கு மட்டும் திறக்காதா?" என்றார் ஓரெஸ்ட். "பாக்க இஷ்டமில்லன்னு சொல்லிட்டுப் போயேன்டா. எதுக்கு நடிக்கிற?"

"அம்மா குரலக் கேக்கணும் போல இருக்குப்பா" என்றான் டானிலோ.

வெர்னா எதையோ யோசித்தபடி வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, தன் கைபேசியை அதில் சேர்த்தாள். அதே வீடியோவைத் தொட்டாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வைஃபையை அணைத்தாள். ஹலீனா சிரித்தாள். மறுபடி வைஃபையைப் போட்டாள். வட்டம் சுற்றியது.

அவள் மேஜையில் இருந்த போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"ஓரெஸ்ட், சில ரவுட்டருக்கு இப்படி ஒரு கோளாறு குணம் உண்டு. இந்த வழி வெளிய இருக்கிறவங்களுக்குத்தான் திறக்கும். இதே வைஃபைல இருக்கிறவங்களுக்குத் திறக்காது."

"அதுக்கென்ன? அவன்தான் கால்கரில இருக்கானே."

வெர்னா, சற்றுமுன் தான் பிடுங்கிய பிளக்கைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

ஓரெஸ்டும் பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கோட்டுகூட மாட்டாமல் போனைக் காதில் வைத்தபடி பின்கதவைத் திறந்து பனியில் இறங்கினார்.

"லைன்லயே இருடா" என்றவர், கராஜைத் தாண்டிப் போய் அந்த வேனின் ஜன்னலில் தட்டினார்.

தட்டிய சத்தம் அவர் காதிலிருந்த போனுக்குள்ளும் கேட்டது.