காதோரப் பிசிறு

காதோரத்தில் மட்டும் அந்த முகம் பிசிறியது. மகள் லேப்டாப்பில் மறுபடி ஓட்டிப் பார்த்தாள், மறுபடியும் பிசிறியது. வீடியோ எடிட்டிங் படிப்பவளுக்கே அதைத் தவிர வேறெங்கும் ஒட்டு தெரியவில்லை.

வெளியே யாரோ கட்டையால் கதவை அடித்தார்கள். பள்ளி வேன் ஓட்டும் அப்பா அலமாரியை இழுத்து முட்டுக்கொடுத்துவிட்டு, அதன்மேலேயே சாய்ந்து நின்றார். காலையிலிருந்து எல்லோர் போனிலும் ஒரே வீடியோ. அதில் அவர் ஒரு சிறுமியை வாயைப் பொத்தி வேனுக்குள் இழுத்துப்போடுகிறார்.

"அந்நேரம் நான் ரெண்டாவது ட்ரிப்ல இருந்தேம்மா."

"தெரியும்ப்பா. உடம்பு வேற எவனோடதோ, முகம் மட்டும் உங்களுது. நேரா பார்க்கிற போட்டோ ஒண்ணு போதும், மிச்சத்தை சாஃப்ட்வேரே பார்த்துக்கும். பக்கவாட்டுல எடுத்த போட்டோன்னா காதுகிட்ட காட்டிக்கொடுத்துடும்."

"இதை வெளிய நிக்கிறவங்ககிட்ட சொல்லேன்!"

"சொல்லாமலா? 'எங்க கண்ணு பொய்யா, நீ பொய்யா?'ன்னாரு டயர்கடைக்காரர்."

"போலீஸ்?"

"கிளம்பிட்டாங்களாம். அப்பவே கிளம்பிட்டாங்களாம்."

வாசலில் வேன் கண்ணாடி நொறுங்கியது. கதவிடுக்கு வழியே பெட்ரோல் வாடை வந்தது.

அவள் சட்டென்று எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.

"பைத்தியமா உனக்கு? மூடும்மா!"

"அண்ணே!" என்று கத்தினாள். கூட்டத்துக்கு முன்னால் நின்ற டயர்கடைக்காரர் திரும்பி, அவளை நேருக்கு நேர் முறைத்தார். அவள் போனை உயர்த்திப் படம் எடுத்தாள்.

"எடு, நல்லா எடு! கேஸ் போடப் போறியா? ஊரே என் பக்கம்!"

ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். எடுத்த படத்தை லேப்டாப்பில் ஏற்றினாள். கதவில் விரிசல் விழுந்தது.

"என்னம்மா பண்றே?"

"காலைல அந்த வீடியோ வந்த குரூப்புக்கே ஒண்ணு அனுப்பறேன்ப்பா."

வெளியே ஒரு போன் கிணுகிணுத்தது. அடுத்து இன்னொன்று. அப்புறம் கூட்டம் முழுக்க.

கதவில் விழுந்த அடி நின்றது. கசகசவென்று பேச்சு, யாரையோ தள்ளும் சத்தம். அதற்கு நடுவே டயர்கடைக்காரரின் குரல் உடைந்தது. "டேய், அது நான் இல்லடா! கட்டையைக் கீழ போடுங்கடா!"

அவள் ஜன்னலை அகலத் திறந்தாள்.

"அவரும் இல்ல! அந்த முகத்தை இப்பதான் நான் ஒட்டினேன்!"