எழாத ஒருவர்

அணை மசோதாவைக் குரல் வாக்கெடுப்புக்கு விட்டபோது, ‘இல்லை’ என்ற சத்தம்தான் பேரவைத் தலைவர் மாசிலாமணியின் காதில் ஓங்கி விழுந்தது. தோற்றது என்று அப்போதே அறிவித்திருந்தால், அவர் பிறந்த ஊர் மூழ்காமல் தப்பித்திருக்கும். அதற்குள் அமைச்சர் எழுந்து, “தலைகளை எண்ணணுங்க” என்றார். யார் கேட்டாலும் எண்ணியாக வேண்டும் என்பது விதி. கதவுகளைச் சாத்தச் சொன்னார். ஆதரிப்பவர்கள் எழுந்து நின்றார்கள். அவர்கள் அமர்ந்ததும் எதிர்ப்பவர்கள் எழுந்தார்கள். இரு பக்கமும் சமமானால் மட்டுமே தலைவருக்கு வாக்கு உண்டு. சமமாகிவிடாதா என்று நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு காத்திருந்தார். எதிர்ப்பவர்களில் ஒரே ஒரு ஆள் குறைந்தது. “மசோதா நிறைவேறியது” என்று அவர் வாயாலேயே அறிவித்தார்.

அறைக்கு வந்ததும் ஊரிலிருந்து தம்பி அழைத்தான்.

“அண்ணே, அம்மாவப் பொதச்ச எடமும் தண்ணிக்குள்ள போயிருமா?”

“போயிரும்டா.”

“ஒரு ஓட்டுல போச்சுன்னு டிவில சொல்றாங்க. நீ எந்திரிச்சியாண்ணே?”

கைப்பிடி அழுத்திய தடம் உள்ளங்கையில் இன்னும் சிவந்து கிடந்தது.

“நான் உக்காந்துதான்டா இருந்தேன்.”