மூன்றாவது செடி

அவமானப்பட்டது அம்மா. அவமானப்படுத்தியது பெரியம்மா. அதுவும் ஒரு கைப்பிடி இலைக்காக.

வக்கீலுக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வக்கீல் என்றால் கோர்ட்டுக்குப் போகிறவள் இல்லை. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள். எதற்கெடுத்தாலும் ‘அது எப்படி நியாயம்?’ என்று கிளம்புவதால் வீட்டில் வைத்த பேர்.

விஷயம் இதுதான். அப்பாவுக்குச் சனிக்கிழமை கோழி வேண்டும். கோழி வெந்து, க்ரீம் ஊற்றி இறக்கும்போது டாரகன் இலையைக் கிள்ளிப் போட வேண்டும். புல் மாதிரி மெலிந்த இலை, சோம்பு மாதிரி வாசனை, மென்றால் நாக்கு லேசாக மரத்துப்போகும். பல்வலி என்றால் கடைவாயில் அடக்கிக்கொள்வதும், கசப்பு மருந்துக்கு முன்னால் மென்றுகொள்வதும் அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வந்த பழக்கம். கடையில் விற்கிற காய்ந்த இலைக்கு வைக்கோல் வாசனைதான். விதை போட்டும் பிரயோஜனம் இல்லை. யாராவது வேரைப் பிரித்துக் கொடுத்தால்தான் உண்டு.

அந்தச் செடி இருந்தது நாலு தெரு தள்ளி, பெரியப்பா வீட்டுத் தோட்டத்தில்.

பெரியப்பாவும் அப்பாவும் பேசி ஏழு வருஷம் ஆகிறது. அப்பா பஸ் டிரைவர். ஒரு கல்யாணத்தில் நாலு பேர் முன்னால் பெரியப்பா, “இவன் பஸ்ல பிரேக் பிடிக்குதோ இல்லையோ, உள்ள இருக்கிறவங்க கம்பியைப் பிடிச்சுக்கணும்” என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் உத்தரவு போட்டார்.

“அந்த வீட்டு வாசப்படியை இனி யாரும் மிதிக்கக் கூடாது. இலை வாங்க மட்டும் நீ போ. வாங்கினோமா வந்தோமான்னு இருக்கணும்.”

வாங்கினோமா வந்தோமா என்று அம்மா ஒருநாளும் வந்ததில்லை. இரண்டு மணி நேரம் ஆகும். வந்ததும் அடுப்பைப் பார்த்துப் பேசுவாள். “அவருக்கு முழங்கால் வீங்கியிருக்காம். மாடிப்படி ஏற முடியலையாம்.” கூடத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் பக்கம் மட்டும் புரளாது.

“ஏழு வருஷமா வாராவாரம் போய்க் கையேந்திட்டு நிக்கிறியேம்மா. ஒரு வேரைப் பிடுங்கிக் குடுக்க மனசு வரலையா அவங்களுக்கு?”

“விடுடி. இலைதானே.”

“இலை இல்ல. மரியாதை.”

“வக்கீலுக்கு வேற கேஸ் எதுவும் வரலையா?” என்றாள் அம்மா.

அடுத்த சனிக்கிழமை வக்கீலே கிளம்பினாள். வழியெல்லாம் வாதங்களை அடுக்கிக்கொண்டு போனாள். பெரியம்மா தோட்டத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“பெரியம்மா, எங்கம்மாவுக்கு ஒரே ஒரு செடி குடுத்தா உங்க தோட்டம் என்ன குறைஞ்சா போயிடும்?”

பெரியம்மா வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தாள். “இதுக்கா இப்படி மூச்சு வாங்க ஓடி வந்தே?”

மண்ணைக் கிளறி, வேரைப் பாதியாகப் பிளந்து, ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் நட்டு நீட்டினாள். “எடுத்துட்டுப் போ. இது மூணாவது.”

“மூணாவதா?”

“முன்னாடியே ரெண்டு குடுத்தாச்சு. ரெண்டும் பத்து நாள் தாங்கல. ஏன்டி, உங்க வீட்டுல செடிகிட்டயும் சண்டை போடுவீங்களா?”

வக்கீல் டப்பாவோடு ஒரு கைப்பிடி இலையையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

“ஏற்கெனவே ரெண்டு செடி வந்துச்சாமே. சொல்லவே இல்ல?”

“வந்துச்சு, கருகிப்போச்சு. நம்ம வீட்டுக் கைராசி அப்படி.” அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் கோழியைக் கிளறினாள்.

அன்றைக்கும் அப்பா சாப்பிட்டு எழுந்தபோது, இலைகள் மட்டும் தட்டின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தன.

வக்கீல் கைராசியை நம்புகிறவள் இல்லை. டப்பாவைச் சமையலறை ஜன்னலில் வெயில் படுகிற பக்கமாக வைத்தாள். மண்ணைத் தொட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் விட்டாள். ஐந்தாம் நாள் புதுத் துளிர் வந்தது.

“பாத்தீங்களாப்பா? இனிமே அம்மா அங்க போய் நிக்க வேண்டாம்.”

அப்பா துளிரை உற்றுப் பார்த்தார். “ம்” என்றார்.

இரண்டு நாள் கழித்து வகுப்பு இல்லையென்று அவள் பதினொரு மணிக்கே வீடு திரும்பினாள். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அப்பாவுக்கு மதியம்தான் டியூட்டி. சமையலறை ஜன்னல் பக்கம் கெட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். பெயின்ட் டப்பாவிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

“அப்பா.”

திரும்பினார். கெட்டிலைக் கீழே வைக்கவில்லை.

“கொதிக்கிற தண்ணியா?”

“ஆமா.”

“அப்ப அந்த ரெண்டு செடியும்?”

“நான்தான்.”

வக்கீலுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “அம்மா காலம் பூரா அங்க போய்க் கையேந்தணும், அதானே உங்களுக்கு? நீங்க ருசியா சாப்பிடறதுக்கு அவ வாராவாரம் சிறுமைப்படணுமா?”

“யாருக்கு ருசி? எனக்கு இந்த இலையே பிடிக்காது. நாக்கு மரத்துப்போகுது.”

“அப்புறம் எதுக்குப்பா இதெல்லாம்?”

அப்பா மிச்சத் தண்ணீரையும் டப்பாவில் ஊற்றினார். கெட்டிலை வைத்துவிட்டு, யூனிஃபார்ம் சட்டைக்குப் பொத்தான் போட ஆரம்பித்தார்.

“செடி இங்கயே தழைச்சுட்டா உங்கம்மா அந்த வீட்டுக்கு எதுக்குப் போவா? எங்கண்ணன் முழங்கால் எப்படி இருக்குன்னு எனக்கு யாரு வந்து சொல்லுவா?”